மூத்தோரைப் பெயர் சொல்லி அழைக்கும் நாடு

மாதேஸ் நிர்மலாதேவி. பிறந்தது 1992ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், தருமபுரி மாவட்டம் கடத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில். தந்தை மாதேஸ் மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் துவரையும் விளைவித்தவர். கணவர் முருகேஷ் பால் வண்டி ஓட்டுகிறார். குழந்தை இல்லை. செவிலியர் பட்டயம் பெற்றது 2013இல்; அது முதல் தருமபுரி நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணி.

இவை சான்றிதழ்களில் காணக்கிடைப்பவை. காணக்கிடைக்காதது ஒன்று உண்டு. ஜப்பான் நாட்டின் தீவுகளையும் மலைகளையும் குப்பை அள்ளும் கிழமைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய அந்தப் பெண்மணி, அந்த நாட்டின் வாசலில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டார். காரணம் பணம் அன்று, படிப்பு அன்று, உடல்நலமும் அன்று. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க அவருக்கு நா எழவில்லை.

தொடக்கம் 2022 ஆகஸ்ட். மருத்துவமனையில் ஒன்பதாண்டுகள் கழிந்திருந்தன. ஊசி போடவும், கட்டு மாற்றவும், எட்டு மணி நேரம் உட்காராமல் நிற்கவும் கற்றாயிற்று. அதற்கு மேல் அங்கே கற்க ஒன்றுமில்லை. ஏறுவதற்குப் படியும் இல்லை. அப்போதுதான் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில், சிமென்ட் கடைக்கு மேல்மாடியில், ஒரு பயிற்சி நிலையம் திறந்தார்கள். செவிலியர்க்கு ஜப்பானிய மொழியும் முதியோர் பராமரிப்பும் கற்பித்து, அந்நாட்டு முதியோர் இல்லங்களுக்கு அனுப்பிவைப்பது அதன் தொழில். நடத்துபவர் அருள்குமார், முன்னாளில் கணினிப் பயிற்சி நடத்தியவர். நிர்மலாதேவி முதல் அணியிலேயே சேர்ந்தார். சம்பளம் கூடும் என்பது ஒரு காரணம். அதை அவர் எவரிடமும் மறைத்ததில்லை. கணவரிடம் சொன்ன காரணம் மட்டும் வேறு.

"இதுவரைக்கும் எங்கப்பா சேத்துவிட்ட பள்ளிக்கூடம், எங்கப்பா பாத்த மாப்ள, யாரோ சொல்லிக் கெடச்ச வேல. நானாப் போயி நின்ன எடம்னு ஒண்ணாச்சும் இருக்கட்டுமேங்க."

"மாப்ளயும் அந்தக் கணக்குலயே வந்துட்டானா?" என்றார் முருகேஷ். ஆனாலும் தடுக்கவில்லை. வகுப்பு முடிந்து கடைசிப் பேருந்து தவறும் நாள்களில் பால் வண்டியிலேயே வந்து அழைத்துப் போனார்.

மொழித் தேர்வையும் பராமரிப்புத் தேர்வையும் 2023 ஜூன் மாதத்துக்குள் முதல் முயற்சியிலேயே தேறினார். அணியில் இருந்த பதினோரு பேரில் அதிக மதிப்பெண் அவருடையது. கற்பதற்காக அவர் கோடுபோட்ட பெரிய நோட்டில் எழுதிவைத்திருந்த குறிப்புகளைக் கண்ட அருள்குமார், அடுத்த அணிக்கு "நாடும் சமூகமும்" என்னும் ஞாயிறு வகுப்பை அவரையே எடுக்கச் சொன்னார். கட்டணத்தில் பாதி தள்ளுபடி. நிர்மலாதேவி ஒப்புக்கொண்டார்.

அந்த வகுப்பு அவர் கைக்கு நன்றாக அமைந்தது. தான் பார்த்திராத நாட்டை, பார்த்த ஊர்களைக் கொண்டே விளக்கினார்.

"ஜப்பான்னா என்னா தெரியும், சொல்லுங்க."

"ஒகேனக்கல் தண்ணிக்குக் கடன் குடுத்த நாடுங்க மேடம். எங்க தாத்தா சொல்லுவாரு."

"அது சரி. அதுக்கு மேல?"

அதற்கு மேல் எவருக்கும் தெரியாது. பலகையில் நான்கு தீவுகளை வரைவார்: வடக்கே ஹொக்காய்டோ, நடுவில் நீண்டு கிடக்கும் ஹொன்ஷு, அதன் காலடியில் ஷிக்கொக்கு, தென்மேற்கே கியூஷு. இவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சிறு தீவுகள். பரப்பில் தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் முக்கால் பங்கு மலை. "வத்தல்மலை உச்சியில நின்னா மலைக்குப் பின்னால மலை தெரியுதில்ல, அப்படி. நடுவுல கெடைக்கிற சமவெளியிலதான் பன்னெண்டு கோடிப் பேரு." பூமி அடிக்கடி நடுங்கும், அதற்கு ஏற்ப வீடு கட்டுவார்கள், வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். கழற்றியதை மூக்கு வெளிப்புறம் பார்க்கத் திருப்பிவைப்பார்கள். எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, பாட்டிலுக்கு ஒரு கிழமை. தொடர்வண்டியில் கைப்பேசியில் பேசக் கூடாது. "காரிமங்கலம் சந்தை நாளுல பஸ்ஸு எப்படி இருக்கும்? அதுக்கு நேர் எதிரா இருக்கும்னு வச்சுக்குங்க." மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், 'கொஞ்சம் கடினம்' என்றால் 'முடியாது' என்று பொருள்.

"பத்துப் பேருல மூணு பேரு அறுபத்தஞ்சு வயசத் தாண்டினவங்க," என்பார்.

"ஏன் மேடம், பெத்தவங்களப் பாத்துக்கப் புள்ளைங்க இல்லீங்களா?"

"இருக்காங்க. நம்ம ஊர்ப் புள்ளைங்க ஓசூர்லயும் பெங்களூர்லயும் இல்ல? அப்படி இருக்காங்க."

பிறகு பராமரிப்பின் தலையாய விதியைச் சொல்வார். முதியோர் இல்லத்தில் இருப்பவரைத் 'தாத்தா', 'பாட்டி' என்று அழைக்கக் கூடாது. அவ்வாறு அழைப்பது அவருடைய வாழ்நாளைத் துடைத்துவிட்டு முதுமையை மட்டும் சுட்டிக்காட்டுவது என்று அங்கே கருதுகிறார்கள். குடும்பப் பெயரைச் சொல்லி, 'ஸான்' என்னும் மரியாதை விகுதி சேர்த்து அழைக்க வேண்டும். உடலைத் தொடும் முன் பெயர். போர்வையை விலக்கும் முன் பெயர். மருந்து கொடுக்கும் முன்னும் பெயர். மாணவியர் எழுதிக்கொண்டார்கள். கற்பித்தவரும் அதில் ஐயமின்றித்தான் இருந்தார்.

முதல் நேர்காணல் 2023 செப்டம்பர் 21. இல்லங்களின் கூட்டமைப்பு ஒன்று ஜப்பானிலிருந்து கணினித் திரை வழியாக நடத்தியது. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். ஒருவருக்கு மூன்றே வாய்ப்புகள். மூன்றிலும் தேறாதவர் பெயரை நிலையம் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கேள்விகள் முடிந்ததும் ஒரு சிறு நடிப்பு. திரையின் அப்பக்கம், இல்லத்தின் ஊழியர் ஒருவர் தோளில் சால்வை போர்த்திக்கொண்டு, யமாதா என்னும் எண்பத்தைந்து வயது மூதாட்டியாகச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பார். காலை உணவுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பார். தொட வழியில்லை; சொல்லால் மட்டுமே அவரை இணங்கவைக்க வேண்டும்.

நிர்மலாதேவி திரையைப் பார்த்தார். சால்வைக்குள் ஒடுங்கிய முகம், தாழ்ந்த பார்வை. வாயைத் திறந்தார். வந்த சொல் 'ஒபாச்சான்'. பாட்டியம்மா என்று பொருள். அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் அருமை. கஞ்சி சூடாக இருப்பதைச் சொன்னார். சன்னல் ஓரத்து இருக்கையைப் பிடித்துவைத்திருப்பதாகச் சொன்னார். நடித்தவரே சிரித்துவிட்டார். ஒன்றுக்கு நான்கு முறை ஒபாச்சான் என்று அழைத்துத்தான் முடித்தார்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. பராமரிப்பு அறிவு: மிக நன்று. மொழி: நன்று. முதியோரிடம் மரியாதை: குறைவு.

மற்ற இரண்டையும் அவர் படிக்கவே இல்லை.

"நானுங்களா மரியாத கொறச்சலு? சொல்லுங்க சார், நானுங்களா?"

அருள்குமார் நாற்காலியைக் காட்டினார். நிர்மலாதேவி உட்காரவில்லை. "பாடத்துல நீங்களே சொல்றீங்களே மேடம், பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு."

"சொல்றேன் சார். மொகத்தப் பாத்தா வர மாட்டேங்குதுங்க. எம்பத்தஞ்சு வயசு அம்மாவ எப்படிங்க பேரச் சொல்றது?"

"அந்தம்மாவுக்கு அம்பதுகூட ஆகல. அது நடிப்புங்க."

"அம்பதுன்னா மட்டும் பேர் சொல்லிடலாங்களா?"

 நிர்மலாதேவியின் வகுப்பில் எழுதிக்கொண்ட ஐந்து பெண்கள் அந்த நேர்காணலுக்கு வந்திருந்தனர். தேறியவர் இருவர். அவர்களுள் ஒருத்தி அரூர்ப் பக்கத்து ஜாஸ்மின். நிர்மலாதேவியைவிட ஆறு வயது இளையவள். 2024 பிப்ரவரியில் விமானம் ஏறிவிட்டாள்.

இரண்டாம் நேர்காணல் 2024 ஜூன் 12. இம்முறை பாட்டி என்று அழைப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். அந்த உறுதி காக்கப்பட்டது. ஆனால் பெயரும் வரவில்லை. நம் பக்கத்தில் கணவரை அழைக்க வேண்டிய பெண்கள் 'ஏங்க', 'இங்க பாருங்க' என்று பெயரைச் சுற்றிக்கொண்டு போவார்கள் அல்லவா, அந்த வழியில் நா தானே போய்விட்டது. 'சுமிமாசென்' என்றார். மன்னிக்கவும் என்று பொருள். கடைக்காரரையும் வழிப்போக்கரையும் கூப்பிடும் சொல். பதினைந்து நிமிடத்தில் ஒன்பது முறை சொன்னார். எண்ணியவர் மொழிபெயர்ப்பாளர் சோபனா. சென்னையிலிருந்து அதே திரையில் இணைந்திருந்தவர்.

முடிவு: முதியோரிடம் நெருக்கம் குறைவு.

"போன தடவ ரொம்ப ஒட்டுனேனாம். இந்தத் தடவ ஒட்டவே இல்லையாம். இவங்களுக்கு என்னாதான்டி வேணும்?" என்று அன்று ஜாஸ்மினிடம் கைப்பேசியில் பொரிந்துதள்ளினார்.

"அக்கா, அத மனுஷங்க பேருன்னு நெனைக்காத. ஆஸ்பத்திரியில பெட்டு நம்பர் சொல்றோமில்ல? அப்படி நெனச்சிக்க. நான் அப்படித்தான் ஓட்டறேன்."

"பெட்டு நம்பராட்டம் கூப்பிட்டா மரியாத, பாட்டின்னு கூப்பிட்டா மரியாத இல்ல. நல்ல நாடுடி."

"நீ சொல்லிக்குடுத்த பாடந்தானேக்கா!"

அதுதான் அவரைக் குடைந்தது. விதியை அறியாமல் தோற்றிருந்தால் படித்துத் திருத்திக்கொள்ளலாம். அறிந்தே தோற்பதற்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது? ஞாயிறுதோறும் பலகை முன் நின்று, இருபது வயதுப் பெண்களுக்கு அதே விதியை விளக்க வேண்டியிருந்தது. அவர்கள் தயங்காமல் 'யமாதா ஸான்' என்றார்கள். குறைந்த மதிப்பெண்ணோடு தேறினார்கள். பெட்டி வாங்கினார்கள். போகும்போது அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டும் போனார்கள்.

ஒரே வழிதான் இருந்தது: பழக்கம். மூத்தவர்களைப் பெயர் சொல்லிச் சொல்லியே கூச்சத்தைத் தேய்க்க வேண்டும். வீட்டில் மூத்தவர் ஒருவர்தான். மாமியார் கோவிந்தம்மாள், வயது எழுபத்தொன்று.

2024 ஆகஸ்ட் மாதம் ஒரு காலை. மாமியார் வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மருமகள் தேநீர்க் குவளையுடன் போய், இரண்டடி தள்ளி நின்று, இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

"கோவிந்தம்மாள் ஸான், டீ குடிக்கறீங்களா?"

அரிவாள்மணையில் கை நின்றது.

"என்னா சொன்ன?"

"கோவிந்தம்மாள் ஸான்னு..."

"ஏன்டி, எங்க மாமியா, அந்தப் பத்ரகாளி, முப்பது வருசம் என்னய ஆட்டிப் படைச்சா. அவளே ஒரு நாளும் எம் பேரச் சொன்னதில்லடி. நீ என்னாடி காலங்காத்தால டீய நீட்டிக்கிட்டு எம் பேரச் சொல்ற?"

"அத்த, ஜப்பான்ல இதுதான் மரியாதங்க. பரீச்சைக்குப் பழகிக்கறேன்."

"ஜப்பான்ல மரியாதன்னா ஜப்பான்காரிகிட்டப் பழகு. அங்க போயி நீ யாரப் பேர் சொன்னா எனக்கென்ன? இந்த வூட்டுல நா உசுரோட இருக்கிற மட்டும் அந்தப் பழக்கம் வேணாம்." தேநீரைத் தொடவில்லை. இரண்டு நாள் மருமகள் கையால் எதையும் வாங்கவில்லை. செய்தி தெரு முழுவதும் பரவி, தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் "என்னாங்க, கோவிந்தம்மா ஸானு நல்லாருக்காங்களா?" என்று நிர்மலாதேவியிடமே நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

முருகேஷ் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. ஒரு நாள் அவர் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து அதையே மறுபடி சொல்லிச் சிரித்தபோது நிர்மலாதேவி கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்க, எம் பேர நீங்க கடேசியா எப்பச் சொன்னீங்க?"

"ஏன், சொல்லாம என்னா?"

"சொல்லுங்க. எப்ப?"

அவர் யோசித்தார். "ரேஷன் கடையில. கைரேக விழுகலன்னு அந்தப் பையன் கேட்டான். நிர்மலாதேவின்னேன்."

"அது எப்ப?"

"பொங்கலுக்கு."

அவ்வளவுதான்.  வீட்டில் 'புள்ள', மருத்துவமனையில் 'சிஸ்டர்', நிலையத்தில் 'மேடம்'. தன் பெயரைச் சொல்ல ஆளில்லாத ஊரிலிருந்துகொண்டு பிறர் பெயரைச் சொல்லப் பழகுவது எப்படி என்று அவர் அன்று கேட்டிருந்தால் முருகேஷுக்குப் புரிந்திருக்காது. கேட்கவும் இல்லை. சோற்றைப் போட்டார்.

மாமியாரிடம் முடியாததை மருத்துவமனை வார்டில் முயன்றார். அங்கே வந்தது பெரிய தொல்லை. கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து தர்மன் என்னும் பெரியவர், எண்பது வயது, கால் புண்ணுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். மற்ற செவிலியர் 'தாத்தா' என்றார்கள். நிர்மலாதேவி கட்டுப் பிரிக்கும் முன், விதிப்படி, "தர்மன், கட்டு மாத்தப் போறேங்க" என்றார். 'ஸான்' என்பதை விட்டுவிட்டார். வார்டில் அதை எப்படிச் சொல்வது? பெரியவர் காலை நீட்டினார். ஆனால் பக்கத்தில் நின்ற மகனுக்குப் பொறுக்கவில்லை.

"என்னாங்க சிஸ்டர், எங்கப்பாவ மொட்டையா பேரச் சொல்றீங்க? உங்க வயசென்ன, அவரு வயசென்ன?"

நிர்மலாதேவி மன்னிப்புக் கேட்டார். அது போதாமல், மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் விளக்கமும் கொடுக்க நேர்ந்தது. 'நோயாளியிடம் மரியாதைக் குறைவு' என்று அந்தத் தாளின் தலைப்பில் இருந்தது. ஜப்பானில் பெயர் சொல்லாததற்கு அந்தப் பழி. தருமபுரியில் பெயர் சொன்னதற்கும் அதே பழி. விளக்கத்தில் என்ன எழுதுவது? "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் முடித்துக் கையெழுத்திட்டார். ஜப்பான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள். வேலையை விட்டுப் போகப் பார்க்கிறாள் என்பதும் தெரிந்துபோயிருக்கும்.

அதன் பிறகு பழகியது மனிதர்களிடம் அன்று. விடியலில் மாடியில் துணி உலர்த்தும்போது கொடியில் தொங்கும் ஒவ்வொரு துணிக்கும் ஒரு ஜப்பானியப் பெயர் சூட்டி, குனிந்து, அழைத்தார். சத்தோ ஸான். தனாக்கா ஸான். சுசுகி ஸான். ஆறு மாதம் இப்படி. நா பழகிவிட்டது. கூச்சம் போயிற்றா என்பது வேறு.

மூன்றாவதும் கடைசியுமான நேர்காணல் 2025 பிப்ரவரி 18. ஆறு பேர் வந்திருந்தனர், மூன்று இடங்கள். காலை பத்தரைக்குத் தொடங்க வேண்டியது, மின்தடையால் பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது. அவர் முறை நான்காவது. கேள்விகள் எளிதாகக் கடந்தன. சால்வை போர்த்திய ஊழியர் வந்து அமர்ந்தார்.

"யமாதா ஸான், காலை வணக்கம்," என்றார் நிர்மலாதேவி.

வந்துவிட்டது. ஒரு தடுமாற்றமும் இல்லை. யமாதா ஸான், கஞ்சி ஆறிவிடும். யமாதா ஸான், சன்னல் ஓரம் வெயில் வந்திருக்கிறது. யமாதா ஸான், உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா? பன்னிரண்டு முறை. சால்வை இணங்கியது. நடிப்பு முடிந்தது. நிர்மலாதேவி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார்.

மூவர் குழுவின் தலைவர், நரைத்த ஒரு பெரியவர், எதையோ குறித்துக்கொண்டு மென்மையாகச் சொன்னார். சோபனா மொழிபெயர்த்தார்: "நீங்க பேர் சொல்றது ரொம்பச் சரியா இருக்கு. ஆனா ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்குங்கறார்."

முதலில் கேட்டதை நம்ப முடியவில்லை. பிறகு, இதுவரை எந்த நேர்காணலிலும் நிர்மலாதேவி உயர்த்தாத குரல் உயர்ந்தது. ஜப்பானிய மொழி அந்நேரத்தில் கைகொடுக்கவில்லை, தமிழில்தான் வந்தது.

"சொல்லுங்க அவருகிட்ட. எங்க ஊருல பெரியவங்கள பேர் சொன்னா அது திட்டுறதுக்குச் சமம். எங்க மாமியாகிட்டப் பழகப் போயி ரெண்டு நாளு அவங்க எங் கையால சாப்புடல. வேல செய்யற எடத்துல எழுதி வாங்கிட்டாங்க. இன்னிக்குப் பன்னெண்டு தடவ அந்தம்மா பேரச் சொன்னேன். ஒவ்வொரு தடவயும் எனக்கு நாக்கு கூசுது. இன்னும் எத்தன தடவ சொன்னா அது பாசமா வரும்னு கேளுங்க. அத்தன தடவ சொல்றேன். ஆனா மரியாத தெரியாதவன்னு மட்டும் எழுத வேண்டாம்னு சொல்லுங்க."

திரையில் மூவரும் சோபனாவின் முகம் தெரியும் கட்டத்தைப் பார்த்தனர். சோபனா ஒரு கணம் தாமதித்து, ஜப்பானிய மொழியில் நாலே சொல் சொன்னார். நிர்மலாதேவிக்கு அந்த நாலும் புரிந்தன. 'இனி மேலும் முயல்வேன் என்கிறார்.'

"அது இல்லீங்க, நான் சொன்னது..." என்று தொடங்கினார். பதினைந்து நிமிடம் முடிந்திருந்தது. மூவரும் தலை குனிந்து வணங்கினர். திரை மாறி அடுத்தவர் பெயர் வந்தது.

மாலையில் சோபனாவைக் கைப்பேசியில் அழைத்தார்.

"நான் அவ்வளவு சொன்னேங்க. நீங்க ஒத்த வரியில முடிச்சிட்டீங்க."

"மேடம், அப்படியே சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். மூஞ்சிக்கு நேரா அப்படிப் பேசினா அவங்களுக்கு ஆகாது. நீங்கதானே அந்தப் பாடமே எடுக்கறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். கைப்பேசியை வைத்தார். தன் வாழ்நாளில் அடக்காமல் பேசிய ஒரே பேச்சு, சேர வேண்டிய காதைச் சேராமலே போயிற்று என்பதும், சேர்ந்திருந்தால் கேடாக முடிந்திருக்கும் என்பதும் ஒருசேர உண்மையாக இருந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டு எவர் மீது கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

முடிவு மார்ச் முதல் வாரம் வந்தது. தேர்வு பெற்றவர் மூவர். நிர்மலாதேவி காத்திருப்போர் பட்டியலில் முதலாவது. தேர்வு பெற்ற ஒருவர் விலகினால் மட்டுமே இடம். அதற்கும் மே மாத இறுதி வரைதான் கெடு. அதற்கு மேல் பெயர் நீக்கப்படும். காரணம் எதுவும் குறிக்கப்படவில்லை. மரியாதை குறைவா, நெருக்கம் குறைவா, அறிவிப்புக் குரலா? இம்முறை அதைக்கூட எழுதவில்லை.

ஏப்ரல் முழுவதும் கைப்பேசி ஒலித்தபோதெல்லாம் ஓடி எடுத்தார். மே மாதம் ஓடுவதையும் விட்டுவிட்டார். 19ஆம் தேதி கைப்பேசி ஒலிக்கவில்லை. ஆள் நேரில் வந்தாள். தேர்வு பெற்ற மூவரில் ஒருத்தி அமுதவல்லி, கம்பைநல்லூர்ப் பெண், இருபத்துமூன்று வயது, ஞாயிறு வகுப்பின் மாணவி. வார்டு வாசலில் நின்று அழுதாள்.

"மேடம், எனக்குக் கல்யாணம் முடிவு பண்ணிட்டாங்க. மாப்ள வூட்டுல ஜப்பானெல்லாம் வேணாங்கறாங்க."

"ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லு."

"சொன்னேங்க மேடம். இந்த வைகாசிய விட்டா மூணு வருஷத்துக்கு அவருக்கு நேரம் சரியில்லையாம்."

"உங்கப்பாகிட்ட நான் பேசட்டுமா? நம்பரக் குடு."

"வேணாம் மேடம். பத்திரிக அடிச்சாச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்படியும் உங்களுக்குத்தானே மேடம் கெடைக்கும். அது ஒண்ணுதான் ஆறுதல்."

தன் இடம் பறிபோகும் என்பதையே மறந்து, கிடைத்தவளைப் போகச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்ததை நிர்மலாதேவி அப்போதுதான் உணர்ந்தார். மகிழ்ச்சி வந்தது; அது வந்த வழி பிடிக்கவில்லை. அவர் படித்த படிப்பும், துணிக்கொடி முன் குனிந்த ஆறு மாதமும், தொண்டை வறளப் பேசிய பேச்சும் முடிக்காத காரியத்தை, முன்பின் அறியாத ஒரு மணமகனின் சாதகம் முடித்துவைத்தது. தான் தகுதியால் போகிறோமா என்பதை இனி எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. மே 29இல் நிலையத்துக்கு உறுதிக்கடிதம் வந்தபோது அருள்குமார் இனிப்பு வாங்கிவந்தார். நிர்மலாதேவி ஒன்றை எடுத்துப் பாதி தின்று, மீதியை உறையிலேயே வைத்தார்.

பிறகு தாள்களின் காலம். விசாவுக்கு முன் ஜப்பான் அரசு தரும் தகுதிச் சான்றுக்கு மூன்று மாதம் என்றார்கள், நான்கரை ஆயிற்று. ஒரு முறை ஒரு பக்கத்தில் கையெழுத்து விடுபட்டதாகத் திரும்பி வந்தது; தேடிப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் கையெழுத்துக்கு இடமே இல்லை. இருந்தும் ஓரத்தில் இட்டு அனுப்பினார். மருத்துவமனை அவரை விடுவிக்க ஒரு மாதம் இழுத்தது. மாமியார் கோவிந்தம்மாள் பெட்டியில் வைக்கப் புளியும் மிளகாய்த் தூளும் கட்டிக் கொடுத்தார். கட்டும்போதும் "போற எடத்துல யாரு எவருன்னு பாத்துப் பேரச் சொல்லு, அடிச்சிடப் போறாங்கோ" என்றார். முருகேஷ் பால் வண்டியை ஒரு நாள் மாற்று ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, வாடகைக் காரில் பெங்களூர் விமான நிலையம் வரை வந்தார். 2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை.

ஹொன்ஷு தீவின் வடபகுதியில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் அந்த இல்லம். எண்பது பேர் தங்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ முதல் மூன்று வாரம் மூத்த ஊழியர் ஒருவரின் பின்னால் நடந்தார். போர்வை மடித்தார், தட்டு எடுத்தார், பேச விடவில்லை. தனியாக மாடிப் பொறுப்பு தரப்பட்டது 2025 டிசம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு 204ஆம் அறையின் கதவைத் தட்டி உள்ளே போனார். கட்டிலில் இட்டோ என்னும் தொண்ணூற்றொரு வயது அம்மையார் போர்வை நுனியை விரலால் திருகியபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நிர்மலாதேவி குனிந்து, "இட்டோ ஸான்" என்று அழைத்தார். அம்மையார் திரும்பவில்லை. இரண்டாம் முறை சற்று உரக்க அழைத்தார். திரும்பவில்லை. போர்வையைத் தொடக் கையை நீட்டியவர், பெயர் அவரை எட்டும் முன் தொடக் கூடாது என்று விதியை நினைத்துக் கையை மடக்கிக்கொண்டு, மூன்றாம் முறையும் பெயர் சொல்லி அழைத்தார்.